மூன்று கோல் பின்தங்கிய அணி

1957-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகலில், லண்டன் நகரின் தென்கிழக்கிலுள்ள வேலி மைதானத்தில், சார்ல்ட்டன் அத்லெட்டிக் கழகமும் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் கழகமும் இரண்டாம் டிவிஷன் போட்டி ஒன்றில் எதிர்ப்பட்டன. ஆட்டத்தின் 17-ஆவது நிமிஷத்தில் சார்ல்ட்டனின் நடுப் பின்கள வீரர் டெரெக் அஃப்டன் தோள்மூட்டு விலகி வெளியேறினார். காயமுற்றவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம் என்ற விதி அந்நாளில் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் இல்லாமையால், எஞ்சிய ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரைக் கொண்டே நடத்தவேண்டிய நிர்ப்பந்தம் அவ்வணிக்கு நேர்ந்தது. இடைவேளையில் 0-2, 62-ஆவது நிமிஷத்தில் 1-5. பார்க்க வந்திருந்த பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் சிலர், இனி இங்கே காண ஒன்றுமில்லை என்று வெளிவாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் காணத் தவறியது இது: இடதுபுற விங்கிலிருந்து மையத்திற்கு மாற்றப்பட்டிருந்த ஜானி சம்மர்ஸ் என்ற முன்கள வீரர், இடக்கால் ஆட்டக்காரர் என்றே பெயர் பெற்றவர், இடைவேளையில் புதிய பூட்ஸ் அணிந்துகொண்டு வந்து, வலக்காலாலேயே ஐந்து கோல்கள் அடித்தார், அவருக்குத் துணையாக ஜான் ரையன் இரண்டு அடித்தார், 81-ஆவது நிமிஷத்தில் சார்ல்ட்டன் 6-5 என்று முந்தியது, ஹடர்ஸ்ஃபீல்ட் மீண்டும் 6-6 ஆக்கியது, ஆட்டம் முடியும் தறுவாயில் ரையனின் இரண்டாவது கோல் 7-6 என்று அதனை முடித்துவைத்தது. தோற்ற அணியின் மானேஜர், பின்னாளில் லிவர்பூல் கழகத்தைப் பெருமைக்குரியதாக்கிய பில் ஷாங்க்லி. ஆறு கோல் அடித்தும் தோற்ற அணி என்ற பெயர் இங்கிலாந்தின் லீக் வரலாற்றில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மட்டுமே உரியது. சம்மர்ஸ் அதன்பின் ஐந்தாண்டுகூட வாழவில்லை. 1962-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

இத்தகைய ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது, நெஞ்சுறுதி, விடாமுயற்சி, விதியின் விளையாட்டு என்னும் சொற்களை எடுத்தாண்டு அத்துடன் திருப்தியடைந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அவை பொய்யான சொற்கள் என்று நான் கூறவரவில்லை. ஆனால் பெரிய அளவில் பின்தங்கிய அணி ஒன்று ஆட்டத்தை மீட்க இயலுமா, இயலுமாயின் எந்த நிலைமைகளில், எத்தனை தடவைக்கு ஒருமுறை என்னும் கேள்விகளுக்கு அச்சொற்களில் விடை இல்லை. விடை காண்பதற்குக் கணக்கையும் ஆட்டத்தின் ஸ்வபாவத்தையும் சேர்த்து ஆராய வேண்டியிருக்கிறது.

கால்பந்தாட்டத்தின் தனித்தன்மை கோலின் அருமையில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 172. அதாவது ஆட்டத்துக்குச் சராசரி 2.69, ஓர் அணிக்கு ஏறத்தாழ 1.35. கூடைப்பந்திலோ கபடியிலோ பத்துப் புள்ளி பின்தங்கிய அணி அதனை ஈடுகட்டுவதற்கு நூறு சந்தர்ப்பங்கள் வாய்க்கும். கால்பந்திலோ மூன்று கோல் என்பது, ஒரு சாதாரண அணி இரண்டு முழு ஆட்டங்களிலும் சேர்ந்து அடிக்கக்கூடிய அளவு. அதனை நாற்பத்தைந்து நிமிஷத்தில் அடிக்க வேண்டும், அடித்துக்கொண்டே எதிரணியை அடிக்கவிடாமலும் தடுக்க வேண்டும் என்றால், காரியம் எவ்வளவு அரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

எவ்வளவு அரிது என்பதைக் கணித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. பிரெஞ்சு கணித அறிஞர் புவாஸோனின் பெயரால் வழங்கும் விதியை, பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு 1898-இல் போர்ட்கியேவிச் என்பவர் பொருத்திக் காட்டினார். எப்போதாவது, ஒன்றோடொன்று தொடர்பின்றி நிகழ்வனவற்றை எண்ணுவதற்கான விதி அது. 1951-இல் புள்ளியியலைப் பொதுமக்களுக்கு விளக்கி நூல் எழுதிய மொரோனி, அவ்விதியைக் கால்பந்து கோல்களின்மீது வைத்துப் பார்த்தார். மேலே சொன்ன 1.35 என்ற சராசரியை அவ்விதியில் இட்டு நானே கணக்கிட்டால் கிடைப்பது பின்வருமாறு: சம பலமுள்ள இரண்டு அணிகளில் ஒன்று இடைவேளையில் 0-2 என்று பின்தங்கியிருந்தால், அது ஆட்டத்தைச் சமன் செய்யவோ மிஞ்சவோ உள்ள வாய்ப்பு ஏறக்குறைய 12-இல் ஒன்று, 0-3 என்றால் 60-இல் ஒன்று.

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்பவர், இரண்டு கோல் முன்னிலையே எல்லா முன்னிலைகளிலும் ஆபத்தானது என்று வர்ணனையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஒரு கோல் முன்னிலையைவிட இரண்டு கோல் முன்னிலை எல்லா வகையிலும் நல்லது. பதினொரு தடவை கையிலேயே நிலைத்துவிட்டதை எவரும் நினைவில் வைப்பதில்லை. பன்னிரண்டாவது தடவை நழுவியதை ஊரே பேசுகிறது. அந்த வாசகம் பிறந்த விதம் இதுதான்.

ஆயினும் புவாஸோனின் விதி முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை. அதன் உயிர்நிலை, ஒரு கோல் அடுத்த கோலை எவ்வகையிலும் பாதிப்பதில்லை என்னும் அனுமானம். வேலி மைதானத்தின் கடைசி 28 நிமிஷங்களை அவ்வனுமானத்தைக் கொண்டு அளந்தால், 1.35 சராசரியுள்ள அணி அக்கால அளவில் ஆறு கோல் அடிப்பதற்குள்ள வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே வருகிறது; ஐம்பதுகளில் கோல்கள் இன்றையினும் மிகுதி என்பதைக் கணக்கில் எடுத்தாலும் எண் அதிகம் பெருகிவிடாது. அக்காலத்தில் இங்கிலாந்தின் நான்கு லீக் பிரிவுகளிலும் சேர்ந்து ஒரு பருவத்திற்கு நடந்தவை 2,028 ஆட்டங்கள். அவற்றிலும் 1-5 என்ற நிலையை எட்டியவை மிகச் சில. தனியொரு நிகழ்ச்சியைக் கொண்டு ஒரு விதியைத் தள்ளிவிட முடியாது என்பது மெய். ஆனால் 1998-இல் டிக்ஸன், ராபின்ஸன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான கோல்களின் நிமிஷங்களை ஆராய்ந்தபோது, கோல் விழும் வேகம் ஆட்டம் முற்ற முற்ற மாறுகிறது என்பதையும், அந்தந்தக் கணத்தில் நிற்கும் கோல் நிலவரத்துக்கு ஏற்பவும் மாறுகிறது என்பதையும் கண்டு, அதற்கேற்பவே தங்கள் கணித உருவை அமைத்தார்கள். ஆகவே ஒரு கோல் அடுத்த கோலைப் பாதிக்கத்தான் செய்கிறது.

பாதிப்பது எவ்விதம் என்பதே இக்கட்டுரையின் மையமான விஷயம். முந்திக்கொண்டிருக்கும் அணிக்குக் காக்க வேண்டிய பொருள் ஒன்று வந்து சேர்கிறது. அது வந்த கணத்திலிருந்து, யாரும் கட்டளையிடாமலே, பின்களம் பத்தடி பின்னால் நகர்கிறது, நடுக்களம் அதனைத் தொடர்கிறது, முன்னே தள்ளவேண்டிய பந்து பக்கவாட்டில் செல்கிறது. பின்தங்கிய அணிக்கோ இழப்பதற்கு ஏதுமில்லை. ஆகையால் சாதாரணமாக எந்த நிதானமுள்ள பயிற்சியாளரும் அனுமதிக்காத துணிவுகளை அது மேற்கொள்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, பின்தங்கிய அணியின் கோல் வேகத்தை இரட்டித்து முந்திய அணியின் வேகத்தைப் பாதியாக்கிவிடுவதாக வைத்துக்கொண்டு முன்செய்த கணக்கை மறுபடி செய்தால், இடைவேளையில் 0-3 என்ற நிலையிலிருந்து மீளும் வாய்ப்பு 60-இல் ஒன்று என்பது 8-இல் ஒன்றாக உயர்ந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய மாறுதல் எல்லா ஆட்டத்திலும் நேர்வதில்லை. நேரும் ஆட்டங்களே நம் நினைவில் நிற்பவை.

முந்தியவரின் நிதானமே அவருக்கு வினையாக முடிந்ததற்கு உதாரணமாக 1970 ஜூன் 14 அன்று மெக்ஸிகோவின் லேயோன் நகரில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதி அடிக்கடி சொல்லப்படுகிறது. இங்கிலாந்து 2-0 என்று மேற்கு ஜெர்மனியை முந்தியிருந்தது. 68-ஆவது நிமிஷத்தில் பெக்கன்பவர் ஒன்றைத் திருப்பினார். அதே வேளையில், நடுப்பகல் வெயிலையும் மூன்றே நாளில் வரவிருந்த அரையிறுதியையும் எண்ணி, பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்ஸி பாபி சார்ல்ட்டனை வெளியே அழைத்தார். 82-இல் ஸீலர், கூடுதல் நேரத்தில் ம்யூல்லர், 2-3. சார்ல்ட்டனைக் கண்காணிக்கும் சுமை நீங்கியதால்தான் பெக்கன்பவர் கட்டவிழ்ந்தார் என்பது பரவலான அபிப்பிராயம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நோயுற்ற பேங்க்ஸுக்குப் பதிலாகக் கோலைக் காத்த போனெட்டி முதற்பந்தைத் தடுத்திருக்கலாம். களைத்துப்போயிருந்த கூப்பருக்கு எதிராகப் புதிதாக இறங்கிய கிராபோவ்ஸ்கி செய்த வேலையும் சிறிதன்று. ஆனால் ஒன்று மட்டும் உறுதி: வெற்றி வருமுன்பே அடுத்த ஆட்டத்திற்கு வீரரைச் சேமிக்க நினைத்த சிந்தை, முந்தியிருப்பவரின் சிந்தை.

அப்படியானால், முந்திய அணி பின்வாங்காமல் தொடர்ந்து தாக்கிக்கொண்டே இருந்தால் தப்பிவிடுமா? அதற்கு மறுப்பாக 1966 ஜூலை 23-ஆம் தேதி லிவர்பூல் நகரின் குடிஸன் பார்க் நிற்கிறது. நான்கு நாட்களுக்குமுன் மிடில்ஸ்பரோவில் இத்தாலியை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பி உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியிருந்த வட கொரியா, போர்ச்சுகலுக்கு எதிரான காலிறுதியில் முதல் நிமிஷத்திலேயே ஒரு கோல், 22-இல் ஒன்று, 25-இல் ஒன்று என்று மூன்று அடித்துவிட்டது. மிடில்ஸ்பரோவில் அவர்களை நேசிக்கத் தொடங்கிவிட்ட மக்கள் பலர் அவர்களுக்காகவே அங்கே வந்திருந்தனர். மூன்று கோல் முன்னிலையை எப்படிக் காப்பது என்பது அவ்வீரர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்வார்கள். காக்க அவர்கள் விரும்பவில்லை என்றும் சொல்லலாம். எவ்விதமாயினும் அவர்கள் முன்போலவே முன்னே ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் வெற்று வெளி விரிந்தது, அந்த வெளியில் புகுந்தவர் மொஸாம்பிக்கில் பிறந்த யூஸேபியோ.

27-ஆவது நிமிஷத்தில் அவர் ஒன்று அடித்தார். 43-இல் பெனால்டி மூலம் இன்னொன்று அடித்ததும், கொண்டாட்டத்திற்கு நில்லாமல், வலைக்குள் கிடந்த பந்தைத் தானே எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினார். இடைவேளைக்கு அணிகள் சென்றபோது நிலவரம் 3-2. என் மதிப்பில் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. 56-இலும் 59-இலும் மீண்டும் யூஸேபியோ, 80-இல் ஜோஸே அகுஸ்தோ, 5-3. இங்கே முந்தியவரின் பயத்துக்கு இடமே இல்லை. வேறு இரண்டு காரணங்கள் வேலை செய்தன. முதலாவது, மூன்றாவது கோல் விழுந்தபோதே இன்னும் 65 நிமிஷங்கள் மீதமிருந்தன. இரண்டாவது, பின்தங்கியிருந்தது உண்மையில் பலம் மிகுந்த அணி. பலவான் தொடக்கத்தில் சறுக்கிப் பின்தங்குவதும், பலமற்றவன் எண்பதாவது நிமிஷத்தில் பின்தங்கியிருப்பதும் பலகையில் ஒரே எண்ணாகத் தோன்றலாம்; இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது.

காலத்தின் கனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது 1954 ஜூன் 26 அன்று ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் கொடும் வெப்பத்தில் நடந்த ஆட்டம். தடுப்பாட்டத்திற்கெனவே ஒரு முறையை வகுத்துப் புகழ்பெற்ற கார்ல் ராப்பன் பயிற்றுவித்த ஸ்விஸ் அணி 19 நிமிஷத்தில் 3-0 என்று முந்தியது. ஆஸ்திரியா 25, 26, 27 ஆகிய மூன்று நிமிஷங்களில் மூன்றையும் திருப்பியது. இடைவேளையில் 5-4, முடிவில் 7-5. ஆஸ்திரியாவின் கோல்கீப்பர் கூர்ட் ஷ்மீட் வெப்பத்தால் தாக்குண்டு தள்ளாடியபோதும், மாற்றுவதற்கு விதி இடந்தராமையால் கடைசிவரை நின்றார். அவ்வாண்டு உலகக் கோப்பையின் 26 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 140, சராசரி 5.38, இன்றைய அளவைப் போல இருமடங்கு. அந்தச் சராசரியில் எஞ்சிய 71 நிமிஷத்தில் மூன்று கோலேனும் அடிப்பதற்கு ஓர் அணிக்கு இருந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். கோல் மலிந்த காலத்தில் மூன்று கோல் என்பது இன்றைய மூன்று கோலுக்கு ஈடாகாது. பழைய மீட்சிகளையும் புதியவற்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

இனி, கோல் அருகிய நம் காலத்தின் மிகப் பெயர்பெற்ற மீட்சிக்கு வருவோம். 2005 மே 25 அன்று இஸ்தான்புல் நகரின் அத்தாதுர்க் ஒலிம்பிக் மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். முதல் நிமிஷத்தில் மால்தினி, 39-இலும் 44-இலும் கிரெஸ்போ. இடைவேளையில் மிலான் 3, லிவர்பூல் 0. இடைவேளையில் லிவர்பூலின் பயிற்சியாளர் ரஃபாயேல் பெனீடெஸ் செய்த காரியம், வீரர்களின் உள்ளத்தைக் கிளறியதைவிடவும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன்: வலப்புறப் பின்கள வீரர் ஃபின்னனுக்குப் பதிலாக ஹாமன் என்ற நடுக்கள வீரரை இறக்கி, பின்களத்தை மூவராகக் குறைத்தார். முதற்பாதியில் நடுக்களத்தில் தடையின்றித் திரிந்த மிலான் வீரர் காக்காவுக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நின்றான். அந்தக் காவல் கடமையிலிருந்து விடுபட்ட ஜெரார்டு முன்னேறினார். 54-இல் ஜெரார்டு தலையால் ஒன்று. 56-இல் ஷ்மிட்ஸர் தூரத்திலிருந்து ஒன்று. 60-இல் பெனால்டியை மிலான் கோல்கீப்பர் டீடா தடுக்க, திரும்பிவந்த பந்தை அலோன்ஸோ மேலே செலுத்தினார்.

இதற்குப் பின்னர் நடந்ததையே நான் வாசகரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஆறு நிமிஷத்தில் மூன்று கோல் அடித்த அணி, அடுத்த அறுபது நிமிஷத்தில், கூடுதல் நேரத்தையும் சேர்த்து, ஒரு கோலும் அடிக்கவில்லை. சமன் ஆனவுடனேயே அதற்கும் காக்கவேண்டிய பொருள் ஒன்று வந்துவிட்டது. கூடுதல் நேரத்தின் இறுதியில் ஷெவ்சென்கோ மிக அருகிலிருந்து இருமுறை அடித்த பந்துகளைக் கோல்கீப்பர் டூடெக் தடுத்திராவிட்டால், அந்த இரவைப் பற்றி இன்று எழுதுவோர் வேறு கதை எழுதியிருப்பார்கள். லிவர்பூல் கோப்பையை வென்றது பெனால்டிகளில், 3-2 என்று.

மீட்சியின் வேகம் சமநிலையோடு வற்றிப்போவதற்கு இதுவொன்றே சான்றன்று. 2011 பிப்ரவரி 5 அன்று நியூகாஸில் மைதானத்தில், 26-ஆவது நிமிஷத்திலேயே 4-0 என்று முந்திய ஆர்ஸனல், இடைவேளைக்குப் பின் டியாபி வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேரானதும் நான்கையும் இழந்தது. ஆனால் ஐந்தாவது விழவில்லை. 2012 அக்டோபர் 16 அன்று பெர்லினில் ஜெர்மனியிடம் 0-4 என்றிருந்த ஸ்வீடன், 62-ஆவது நிமிஷத்திலிருந்து தொடங்கி, உபரி நேரத்தில் நான்காவதை அடித்தது. அதற்குமேல் அடிக்க நேரமில்லை. பெரிய பின்னடைவைச் சமன் செய்வது அரிது. சமன் செய்தபின் வெல்வது அதனினும் அரிது. சார்ல்ட்டன் கழகத்தின் ஏழாவது கோல் அந்த ஆட்டத்தின் மிக அபூர்வமான கோல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு ஆட்டங்களைச் சேர்த்து முடிவு காணும் போட்டிகளின் கதை வேறு. அங்கே பின்தங்கிய அணிக்கு முழுமையான தொண்ணூறு நிமிஷமும், சொந்த மைதானமும், யோசிப்பதற்குச் சில வாரங்களும் கிடைக்கின்றன. 2017 பிப்ரவரி 14 அன்று பாரிஸில் 0-4 என்று தோற்ற பார்ஸலோனா, மார்ச் 8 அன்று 6-1 என்று வென்று மேலே சென்றது. அந்த ஆட்டத்தின் நடுவில், பாரிஸ் அணியின் கவானி அடித்த ஒரு கோல், இரு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கு சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணியே மேலே செல்லும் என்ற வெளியூர்க் கோல் விதியின் காரணமாக, பார்ஸலோனாவை ஆறு கோல் அடித்தே தீரவேண்டிய நிலைக்குத் தள்ளிற்று. 88-ஆவது நிமிஷம்வரை மூன்றே அடித்திருந்த அணி, எஞ்சிய சில நிமிஷங்களில் மூன்று அடித்தது. நடுவரின் சில தீர்ப்புகள் இன்றும் சர்ச்சைக்குரியவையாகவே இருக்கின்றன; அவற்றைச் சொல்லாமல் அந்த இரவைப் புகழ்வது நேர்மையாகாது. ஈராண்டு கழித்து, அதே பார்ஸலோனா ஆன்ஃபீல்டில் 3-0 முன்னிலையோடு இறங்கி 0-4 என்று தோற்றது. சலாவும் ஃபிர்மினோவும் இல்லாமலே லிவர்பூல் அதனைச் சாதித்தது.

சுமார் அரை நூற்றாண்டு நடைமுறையிலிருந்த வெளியூர்க் கோல் விதியை 2021-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் நீக்கிவிட்டது. ஒரே கோலால் மலைபோன்ற சுமை ஏறும் நிலை இன்று இல்லை. மாற்று ஆட்டக்காரர் ஐவரை இறக்கலாம் என்ற விதியும் நிலைத்துவிட்டது. இது முந்திய அணிக்கும் உதவுவதேயாயினும், களைத்த பின்களத்தின்மேல் புதிய கால்களை ஏவும் பின்தங்கிய அணிக்கே அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு. மூன்று மாற்றுகளே இருந்த 2018-இலேயே, ரோஸ்டோவில் ஜப்பானிடம் 0-2 என்று பின்தங்கிய பெல்ஜியத்துக்குச் சமன் கோலையும், உபரி நேரத்தின் நான்காவது நிமிஷத்தில் வெற்றிக் கோலையும் அடித்தவர்கள், 65-ஆவது நிமிஷத்தில் ஒருங்கே இறக்கப்பட்ட ஃபெல்லைனியும் ஷட்லியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதல் உபரி நேரத்தில் வந்திருக்கிறது. காயம்பட்டதுபோல் புரண்டும், எறியவேண்டிய பந்தைத் துடைத்துக்கொண்டும் காலத்தைக் கடத்துவது, முந்தியவர்களுக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்த கோட்டை. 2022-இல் கத்தாரில் நடுவர்களுக்குத் தலைமை வகித்த கொலினாவின் அறிவுரைப்படி, இழந்த நேரம் முழுவதும் எண்ணிச் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்து ஈரானோடு ஆடிய ஆட்டத்தில் இரு பாதியிலும் சேர்ந்து உபரியாக 25 நிமிஷத்துக்கு மேல் ஆடப்பட்டது. இரண்டாம் பாதியில் மெய்யாகவே பத்து நிமிஷ ஆட்டம் கூடுமானால், யாருடைய மனநிலையும் மாறவேண்டிய தேவையின்றியே, முன்சொன்ன கணக்கில் 60-இல் ஒன்று என்றிருந்த வாய்ப்பு ஏறக்குறைய 40-இல் ஒன்றாகிவிடுகிறது.